சென்னையின் ‘லிவர் பேக்கேஜ்’: எட்டு சோதனை, பன்னிரண்டு எண், விடுபட்டுப்போன இரண்டு

சென்னையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் எந்த லேபைப் பார்த்தாலும் ‘லிவர் பேக்கேஜ்’ அல்லது ‘எல்எஃப்டி’ (கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை) என்ற பெயரில் ஒரு சேவை இருக்கும். விலை சில நூறு ரூபாய். ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதி வந்தவர்கள், பல வருடமாகக் குடிப்பவர்கள், ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தவர்கள், சர்க்கரையோடு தொப்பையும் உள்ளவர்கள் என்று நாள்பட்ட கல்லீரல் நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இந்த மதிப்புரை. எந்த ஒரு லேபையும் குறிவைத்து எழுதவில்லை. ஊரில் விற்கும் பேக்கேஜ்களின் பொதுவான அமைப்பை வைத்தே எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி போன்ற என்சைம்கள் கல்லீரல் இப்போது எவ்வளவு அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். இத்தனை வருடத்தில் எவ்வளவு தழும்பாகிவிட்டது என்பதைத் தனியாக நின்று காட்டாது. நாள்பட்ட நோயில் முக்கியமாகத் தெரிய வேண்டியது அந்தத் தழும்புதான். அதற்கு உதவும் இரண்டு சோதனைகள், ரத்தத் தட்டணுக்களான பிளேட்லெட்டின் எண்ணிக்கையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிடி-ஐஎன்ஆரும், வழக்கமான லிவர் பேக்கேஜில் இருப்பதில்லை. அவற்றைச் சேர்த்து வாங்கினால் நல்ல சேவை. சேர்க்காமல் வாங்கினால் பாதிக் காசு வீண்.

பன்னிரண்டு என்று எண்ணுவது எப்படி

விளம்பரத்தில் ‘12 பரிசோதனைகள்’ என்று இருக்கும். ரிப்போர்ட்டில் மொத்த பிலிருபின், நேரடி பிலிருபின், மறைமுக பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, இரண்டின் விகிதம், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஜிஜிடி, மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின், ஏ/ஜி விகிதம் என்று பன்னிரண்டு வரி வரும். இதில் மெஷின் அளப்பது எட்டுதான். மறைமுக பிலிருபின் என்பது மொத்தத்திலிருந்து நேரடியைக் கழித்த மீதி. குளோபுலின் என்பது மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்த மீதி. இரண்டு விகிதங்களும் வெறும் வகுத்தல். கணக்குப் போட்டுக் கொடுப்பது தப்பில்லை, உபயோகமானதும்கூட. ஆனால் இரண்டு லேப்களை ஒப்பிடும்போது ‘அங்கே 10, இங்கே 12’ என்று பார்த்து ஏமாறக் கூடாது. ஜிஜிடி உண்டா இல்லையா என்பதுதான் இவற்றுக்குள் உண்மையான வித்தியாசம். மலிவான பேக்கேஜ்களில் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

என்சைம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரல் செல்லுக்குள் இருப்பது. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அதன் ஆயுள் குறைவு, சுமார் 47 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எஸ்ஜிஓடி இன்னும் வேகமாக, ஏறக்குறைய 17 மணி நேரத்தில் பாதியாகும். அதாவது இந்த எண்கள் கடந்த சில நாட்களின் சேதி. வருடக்கணக்கான சரித்திரம் இவற்றில் இல்லை. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இருப்பதும் இல்லை. தசை, இதயம், ரத்தச் சிவப்பணு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஜிம்மில் கனமான வெயிட் தூக்கியவருக்கு ஒரு வாரம்வரைகூட இரண்டும் ஏறியே இருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால் சிபிகே என்ற தசை என்சைமைப் பார்த்தால் போதும். அது எகிறியிருந்தால் கல்லீரலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம், முற்றிய நிலையில் எஸ்ஜிபிடி 30 என்று நார்மலாக வருவது அபூர்வம் அல்ல. கசிய வேண்டிய செல்களே குறைந்துபோன பிறகு கசிவும் குறைந்துவிடும். ‘லிவர் நார்மல், ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல’ என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனவர் கொஞ்ச நாளில் வயிறு வீங்கி, மகோதரத்தோடு வருவது இப்படித்தான். நேர்மாறாக, எஸ்ஜிபிடி 140 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம்.

எஸ்ஜிஓடி-எஸ்ஜிபிடி விகிதம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். இரண்டுக்கு மேல் போய், எஸ்ஜிஓடி 300-க்குள் நின்றால் குடியை முதலில் சந்தேகிக்க வேண்டும். குடிப்பவர்களுக்கு பி6 வைட்டமின் குறைவதால் எஸ்ஜிபிடி அவ்வளவாக ஏறாது என்பது இதற்கு ஒரு காரணம். எஸ்ஜிஓடி 500-ஐத் தாண்டினால் டாஸ்மாக்கை மட்டும் பழிபோடாமல் மருந்து, வைரஸ் என்று வேறு காரணமும் தேட வேண்டும். குடிக்காதவருக்கு இந்த விகிதம் ஒன்றைத் தாண்டத் தொடங்கினால் தழும்பு கூடுகிறதோ என்று யோசிக்க வேண்டும்.

இங்கே ரிப்போர்ட்டில் யாரும் படிக்காத ஒரு வரியைப் படிக்கச் சொல்கிறோம். சோதனைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் முறை எழுதியிருக்கும்: ‘ஐஎஃப்சிசி, பி5பி இல்லாமல்’ அல்லது ‘பி5பி உடன்’. ஐஎஃப்சிசி என்பது சர்வதேச லேப் அமைப்பு வகுத்த முறை, பி5பி என்பது அந்த பி6 வைட்டமினின் செயல்படும் வடிவம். அது சேர்க்காத ரீஏஜென்ட்டில் (சோதனை ரசாயனத்தில்), பி6 குறைந்த குடிகாரருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் எண் உள்ளதைவிடக் குறைவாகவே வரும். போன மாதம் ஒரு முறை, இந்த மாதம் வேறு முறை என்றால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘ஏறிடுச்சு, இறங்கிடுச்சு’ என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பவர்கள் ஒரே லேபில், ஒரே முறையில், காலை நேரத்திலேயே கொடுப்பது நல்லது.

நார்மல் எல்லை என்று அச்சிடுவது

எஸ்ஜிபிடிக்கு ஒரு லேப் 35 வரை நார்மல் என்று போடும், இன்னொன்று 55 வரை போடும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆரோக்கியமானவர்களுக்கான மேல் எல்லை ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்று கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கில், எஸ்ஜிபிடி 42 உள்ள பெண்ணின் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வராவிட்டாலும் அது ஏறிய எண்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி எல்லை அச்சிடும் லேபுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

விடுபட்ட இரண்டும், ஒரு கணக்கும்

தழும்பு கூடும்போது கல்லீரலுக்குள் ரத்தம் போகும் வழி இறுகி, மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பிளேட்லெட் குறைந்துகொண்டே போவது கல்லீரல் சுருக்கத்தின் பழைய, நம்பகமான அடையாளம். பிளேட்லெட்டும் இரண்டு என்சைமும் வயதும் இருந்தால் ‘ஃபிப்-4’ என்ற கணக்கைப் போட்டுவிடலாம். 2006-ல் எச்ஐவி-யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இப்போது ஃபேட்டி லிவருக்கு முதல் வடிகட்டியே இதுதான். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

தப்பு நடப்பது பிளேட்லெட் யூனிட்டில்தான். நம் லேப்கள் ‘1.32 லட்சம்’ என்று எழுதும். கணக்கில் போட வேண்டியது ஆயிரங்களில், அதாவது 132. 

56 வயதுக்காரருக்கு எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 42, பிளேட்லெட் 1.32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 56 × 48 = 2,688. 42-ன் வர்க்கமூலம் 6.48, அதை 132-ஆல் பெருக்கினால் 855. வகுத்தால் 3.14. இன்னொருவருக்கு வயது 38, எஸ்ஜிஓடி 75, எஸ்ஜிபிடி 140, பிளேட்லெட் 2.8 லட்சம். 2,850-ஐ 3,313-ஆல் வகுத்தால் 0.86. வெறும் என்சைம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் பதற வேண்டியவர் இரண்டாமவர் போலத் தெரியும். கணக்குப்படி தழும்பு இருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர் முதலாமவர். இவருடைய என்சைம்கள் எல்லைக்கு ஒட்டியே நிற்கின்றன.

1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேல் அந்தக் கீழ் எல்லையை 2 என்று எடுக்க வேண்டும், இல்லையென்றால் வயதே எண்ணைத் தூக்கிவிடும். 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் நின்றால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரிய கவலை இல்லை. அதற்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். என்சைம் மிக அதிகமாக ஏறியிருக்கும் சமயத்தில் எடுத்தால் வீக்கத்தையே தழும்பு என்று கூட்டிக் காட்டிவிடும், அது தணியும்வரை பொறுப்பது நல்லது. 35 வயதுக்குக் கீழே ஃபிப்-4-ஐ நம்ப வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும். டெங்குவில் பிளேட்லெட் சரியும், எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட அதிகமாக ஏறும். அந்த எண்களை வைத்து ஃபிப்-4 போட்டால் ஆரோக்கியமானவருக்குக்கூடச் சிரோசிஸ் மாதிரி வரும். எந்தக் காய்ச்சலானாலும் சரி, குணமாகிச் சில வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். காய்ச்சலே இல்லாமல் பிளேட்லெட் திடீரென்று குறைவாக வந்தால், ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இடிடிஏ-வால் பிளேட்லெட்கள் ஒட்டிக்கொண்டு மெஷின் குறைத்து எண்ணியிருக்கலாம். ‘ஸ்மியர் பார்த்தீர்களா’, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா என்று லேபில் கேளுங்கள்.

பிடி-ஐஎன்ஆர் வேறு வேலை செய்கிறது. ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறதா என்பதை அது சொல்லும். அவற்றில் ஏழாம் காரணியின் ஆயுள் சில மணி நேரம்தான், அதனால் கல்லீரல் தடுமாறினால் ஐஎன்ஆர் சீக்கிரமே ஏறும். ஆல்புமினின் ஆயுள் ஏறக்குறைய 20 நாள், அது மெதுவாகத்தான் இறங்கும். பித்தம் அடைத்தவர்களுக்கு வைட்டமின் கே சேராமலும் ஐஎன்ஆர் ஏறும். டாக்டர் வைட்டமின் கே ஊசி போட்டு அது சரியானால் கல்லீரலின் தயாரிப்புத் திறன் இன்னும் இருக்கிறது என்று பொருள். பிலிருபின், ஆல்புமின், ஐஎன்ஆர் மூன்றும், வயிற்று நீரும் மூளைக் குழப்பமும் சேர்ந்ததுதான் ‘சைல்ட்-பியூ’ மதிப்பெண். அதில் என்சைமுக்கு இடமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது கெடுவது

வீட்டுச் சேவையின் தரம் வெப்சைட்டில் தெரியாது, ஊசி போடுபவரின் கையில்தான் தெரியும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் புரதம், ஆல்புமின் எண்கள் கூடும். நரம்பு கிடைக்காமல் துழாவுவது, சிரிஞ்சை வேகமாக இழுப்பது, டியூபைக் குலுக்குவது எல்லாமே சிவப்பணுவை உடைக்கும். உடைந்த அணுவிலிருந்து எஸ்ஜிஓடியும் பொட்டாசியமும் வெளியே வரும். எஸ்ஜிபிடி நார்மலாக இருந்து எஸ்ஜிஓடி மட்டும் துள்ளியிருந்தால் ‘சாம்பிள் ஹீமோலைஸ் ஆனதா’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல லேப் அதை ரிப்போர்ட்டிலேயே எழுதும், காசு வாங்காமல் மறுபடி எடுக்கும்.

டியூப்களின் வரிசையும் முக்கியம். முதலில் நீல மூடி (ஐஎன்ஆருக்கு), பிறகு மஞ்சள் அல்லது சிவப்பு (எல்எஃப்டிக்கு), கடைசியில் ஊதா (பிளேட்லெட்டுக்கு). ஊதாவில் உள்ள இடிடிஏ மஞ்சள் டியூபில் கலந்தால் துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். அவை இல்லாமல் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் வேலை செய்யாது, எண் பொய்யாக விழும். கால்சியம் குறைந்து பொட்டாசியம் ஏறியும் இருந்தால் சந்தேகம் உறுதி. நீல டியூபில் ரத்தம் ஒன்பது பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு இருக்க வேண்டும். கோடு வரை நிரம்பாவிட்டால் ஐஎன்ஆர் பொய்யாகக் கூடும். பட்டர்ஃப்ளை ஊசி போட்டால் அதன் குழாயில் உள்ள காற்று முதல் டியூபுக்குள் போய் அளவைக் குறைத்துவிடும். அதற்காகவே தூக்கிப்போட ஒரு டியூபை முதலில் செருகி எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமலே செய்பவரை அடுத்த முறையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மஞ்சள் டியூப் அரை மணி நேரம் நிமிர்ந்து நின்று உறைய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். தாம்பரத்தில் எடுத்த ரத்தம் ஏழெட்டு வீடு சுற்றி, சித்திரை வெயிலில் நகரின் மறுகோடிக்குப் போவது நல்லதற்கல்ல. அருகிலேயே சென்டர் வைத்துச் சுழற்றி அனுப்பும் லேபையும், நாளின் முதல் சந்திப்பையும் தேர்ந்தெடுங்கள். குளிர்பெட்டி இருக்க வேண்டும், ஆனால் டியூப் ஐஸ்மேல் நேராகப் படக் கூடாது. ஐஎன்ஆருக்கான நீல டியூபைக் குளிர வைக்கவே கூடாது.

எல்எஃப்டிக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஆனால் நெய்ப் பொங்கல் சாப்பிட்ட சூட்டில் கொடுத்தால் சீரம் கலங்கி அளவீட்டைக் குழப்பும். மறுபக்கம், ஏகாதசி விரதம் இருந்த மறுநாள் கொடுத்தால் கில்பர்ட் என்ற தீங்கற்ற பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கு மறைமுக பிலிருபின் 2, 3 வரை ஏறி வீண் பயம் தரும்.

மற்ற இரண்டு என்சைம்கள்

ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் எலும்பிலிருந்தும், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வைட்டமின் டி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஏறியிருக்கும். கூடவே ஜிஜிடியும் ஏறியிருந்தால்தான் கல்லீரல் அல்லது பித்தநாளம் பக்கம் பார்க்க வேண்டும். ஜிஜிடிக்கு அதுதான் நல்ல உபயோகம். குடியைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பினால் தவறிப்போகும். ஃபெனிடாயின் (வலிப்புக்கு), ரிஃபாம்பிசின் (காசநோய்க்கு) மாத்திரைகளும் ஃபேட்டி லிவரும் அதை ஏற்றும்.

கீழாநெல்லியும் எண்ணும்

என்சைம் ஏறியதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, ஒரு மாதம் கழித்து இறங்கியதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைப்பது நம் ஊரில் சகஜம். கீழாநெல்லியைச் சென்னை ஆய்வாளர்கள் மனிதர்களிடம் முறையாகச் சோதித்தே பார்த்தார்கள். 1988-ல் ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளம்பர்க்கும் பங்கேற்றார். மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் என்சைம் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். கிருமியின் அளவைச் சொல்வது எச்பிவி டிஎன்ஏ சோதனைதான். சீந்தில் கொடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக அதைக் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எண் ஏறியவர்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து, புரோட்டீன் பவுடர், காசநோய் மாத்திரை உட்பட, டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காசநோய் மருந்தையோ கொழுப்பு மாத்திரையையோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தானாக நிறுத்தவும் கூடாது.

எப்படி வாங்குவது

போன் செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: ஜிஜிடியோடு எல்எஃப்டி, சிபிசி (பிளேட்லெட் இதில்தான் வரும்), பிடி-ஐஎன்ஆர், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு). வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி-க்கு), எச்சிவி ஆன்டிபாடி (ஹெபடைடிஸ் சி-க்கு) இரண்டையும் சேர்க்க வேண்டும். முதல் முறை என்சைம் ஏறியிருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அதே லேபில் மறுபடி பாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் ஏறியே இருந்தால்தான் நாள்பட்டது. ‘பிளாட்டினம்’ பேக்கேஜில் வரும் ட்யூமர் மார்க்கர் (புற்றுநோய் அடையாளச் சோதனை) மூட்டையை விட்டுவிடலாம். சிரோசிஸ் உறுதியானவர்களுக்கும், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் ஹெபடைடிஸ் பி உள்ள சிலருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோயைத் தேடும் ஏஎஃப்பி ரத்தச் சோதனையும் வேண்டும், மற்றவர்களுக்கு அது பயத்தை மட்டுமே தரும்.

லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் சொல்வார்கள். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி என்பதால், எல்எஃப்டியும் ஐஎன்ஆரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று கேட்பதே சரியான கேள்வி. வேலூர் சிஎம்சி நடத்துவது போன்ற வெளித்தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் போனைக் கொடுக்கும் லேப் நம்பத்தக்கது.

இந்தச் சேவையைக் கூப்பிடவே கூடாத நேரமும் உண்டு. ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம், வயிறு வீங்கிக் காய்ச்சலோடு வலி, கண் மஞ்சளோடு அசதி கூடிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலை வரும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, வடசென்னையில் ஸ்டான்லிக்கோ, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ நேராகப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. பழைய ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.